ரெட்ரோ கேம் விழாவுக்கு வாண்டுகளோட போறீங்களா? ரெண்டாவது ஜாய்ஸ்டிக் உங்க கையில இருக்கட்டும்!

உங்கள் வீட்டுப் பரணில் 14 இன்ச் டிவி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த டிவி. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கமெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போட்டது போக, மிச்சமிருப்பது பழைய பாய்க்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே எங்காவது தூசி படிந்து கிடக்கும்.

"அந்த டப்பா இப்ப யாருக்கு வேணும்?" என்கிறீர்களா? ரெட்ரோ வீடியோ கேம் விழா நடத்துகிறவர்களுக்கு வேண்டும். பின்பக்கம் புடைத்த பிக்சர் டியூப் டிவிக்களை வெளிநாட்டு விழாக்காரர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். பழைய ஞாபகம் மட்டும் காரணமில்லை. 'டக் ஹண்ட்' கேமின் துப்பாக்கி அந்த டிவியில்தான் வேலை செய்யும்.

எப்படித் தெரியுமா? அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. அது பார்க்கும், அவ்வளவுதான். நீங்கள் விசையை அழுத்தியதும் கண் இமைக்கும் நேரத்துக்குத் திரை மொத்தமும் கறுப்பாகும். வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சாருக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும். பழைய டிவி அந்தக் கட்டத்தை உடனே வரைந்துவிடும். இன்றைய எல்.இ.டி. டிவி ஒரு துளி நேரம் தாமதிக்கும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். நீங்கள் எவ்வளவு குறி பார்த்தாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும், அந்த நாயும் எழுந்து நின்று சிரித்துக்கொண்டே இருக்கும்.

இந்த ரகசியத்தை ஒரு பத்து வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடம் அவன் போன் கேட்க மாட்டான். பதினோராவது நிமிடத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண்காட்சியா, விளையாட்டா?

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் முதல் சென்னை காமிக் கான் நடந்தது. டெல்லியில் 2011-லேயே ஆரம்பித்த விழா, நம்ம ஊருக்கு வர 13 வருடம் ஆனது. காஸ்ட்யூம், காமிக்ஸ், கேமிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை வந்து இறங்கினால் அங்கிருந்து பக்கம்தான். இந்த மாதிரி விழாக்களுக்கு அக்கா பையனையோ சித்தி பெண்ணையோ கூட்டிக்கொண்டு போகும் இளைஞர்கள் இப்போது நிறைய. ஈ.சி.ஆர். பக்கம் இருப்பவர்களுக்குக் கானத்தூர் மாயாஜால், முட்டுக்காடு எம்.ஜி.எம். என்று வேறு கணக்கு இருக்கிறது. ஓ.எம்.ஆர். மால்களில் கார்டைத் தேய்த்து ஆடும் கேம் ஸோன்களும் உண்டு.

ஆனால் பழைய கேம் என்று பார்த்தால், நம் பக்கம் அது ஒரு ஓரமாகத்தான் வருகிறது. காலேஜ் டெக் ஃபெஸ்ட்டில் ஒரு டேபிள், ஏதோ ஒரு கஃபேயில் மூலையில் ஒரு பெட்டி, பெரிய விழாவில் ஒரு ஸ்டால். அதைப் பார்த்ததும் கூட வந்த பெரியவருக்குக் கண் கலங்கிவிடும். 'லிட்டில் மாஸ்டர்', 'சாமுராய்' என்ற பெயர்களில் வந்த டிவி கேம் பெட்டிகள். '9999999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கேசட். உள்ளே போனால் நாலைந்து கேமைத்தான் மாற்றி மாற்றி லட்சக்கணக்கில் வரிசை கட்டியிருப்பான். ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து 'ஃபூ' என்று ஊதுவது குலவழக்கம். (ஊதியதால் அது ஓடவில்லை. கழற்றித் திரும்பச் சொருகியதால் ஓடியது. உண்மையில் வாய் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் பின்கள் கெட்டதுதான் மிச்சம்.) 'கான்ட்ரா'வில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அழுத்தினால் மூன்று லைஃபுக்குப் பதில் 30 லைஃப் வரும் என்கிற பரம ரகசியம், இன்டர்நெட் இல்லாத காலத்திலேயே தெருத்தெருவாகப் பரவியிருந்தது.

இதையெல்லாம் பெரியவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் குழந்தை என்ன செய்கிறது? பெரியவர் ஆடுவதைப் பார்க்கிறது. இரண்டு நிமிடம் பார்க்கும். பிறகு, "மாமா, போன் குடு".

குழந்தையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நாம் கூட்டிக்கொண்டு போனது விளையாட இல்லையே, நம் சின்ன வயசைக் காட்டத்தானே! மியூசியத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பானையைப் பார்த்து எந்தக் குழந்தை எவ்வளவு நேரம் நிற்கும்? அதே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய வீடுகளின் திண்ணையில் ஏறி உட்காரலாம், மண்ணைக் கையால் பிசையலாம். குழந்தைகள் கிளம்ப மறுப்பார்கள். பொருள் பழசா புதுசா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் கைக்கு வருகிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி.

37 வயசு சாம்பியனும் 16 வயசுப் பையனும்

பழைய கேம் பழைய ஆட்களுக்குத்தான் என்று நினைத்தால், போர்ட்லாண்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரில் 'ரெட்ரோ கேமிங் எக்ஸ்போ' என்று பெரிய விழா நடக்கும். அப்போது அதில்தான் கிளாசிக் டெட்ரிஸ் உலகப் போட்டியும் நடந்தது. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குவோமே, அதே டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. போட்டியில் ஆடுவது 1989-ல் நின்டெண்டோ வெளியிட்ட வடிவம், அதே பழைய ஜாய்ஸ்டிக், அதே டப்பா டிவி.

2018 அக்டோபர். ஒரு பக்கம் ஜோனஸ் நியூபாவர், 37 வயது, அதற்கு முன் ஏழு முறை சாம்பியன். எதிரே ஜோசப் சேலீ, 16 வயது. அந்த கேம் வெளிவந்தபோது அவன் பிறக்கவே இல்லை. ஜெயித்தது பையன். எப்படி? பெரியவர்கள் எல்லாம் பட்டனை அழுத்திப் பிடித்துக் கட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பையனோ விரலை அதிரவிட்டு, நொடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டித் தட்டி நகர்த்தினான். கேம் வேகம் கூடக் கூட, அழுத்திப் பிடிக்கும் முறை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். தட்டும் முறை கைவிடாது.

ஜெயித்ததும் அந்தப் பையன் அழுதான். தோற்ற ஜோனஸ் அவனை மனதாரப் பாராட்டினார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. பார்த்துவிட்டு ஏகப்பட்ட சிறுவர்கள் பழைய டெட்ரிஸைத் தேடி வந்தார்கள். 2020-ல் ஆன்லைனில் நடந்த போட்டியின் ஃபைனலில் ஆடியவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஜெயித்தது 13 வயதுத் தம்பி. 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த இன்னொரு 13 வயதுச் சிறுவன், இனி மேலே போகவே முடியாது என்று கேமே உறைந்து நிற்கும் இடம் வரைக்கும் ஆடிக் காட்டினான். அந்த வடிவம் வெளிவந்த 34 வருடத்தில் வேறு எந்த மனிதரும் தொடாத இடம் அது.

ஜோனஸ் 2021 ஜனவரியில் இறந்துபோனார். போட்டிகளைத் தொடங்கிவைத்த தலைமுறையில் முக்கியமான ஆள். சின்னப் பையனிடம் தோற்ற பிறகும் அவனுக்கு அவர் கொடுத்த மரியாதையைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஹாலில் பையனுக்குக் கிடைத்தது பழைய கேம் மட்டுமில்லை. தன்னை விட இரண்டு மடங்கு வயதான ஒருவர் சரிக்குச் சமமாக எதிரில் வந்து உட்கார்ந்தார். போனில் ஆடும்போது எதிராளிக்கு முகம் கிடையாது. ஏதோ ஒரு பெயர், ஒரு ஸ்கின். தோற்றால் அடுத்த மேட்ச். கை கொடுக்க வேண்டியதில்லை, கண்ணைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

பூஞ்சேரியில் நாம பார்த்தது

நம்ம கடற்கரையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. வீடியோ கேம் இல்லை, அதைவிட ரொம்ப ரொம்ப ரெட்ரோவான ஒரு ஆட்டம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்கவேண்டியது, உக்ரைன் போரால் இடம் மாறி நம்ம ஊருக்கு வந்தது. ஓப்பன் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' பஸ் ஸ்டாண்டில்கூட நம்மை வரவேற்றது ஞாபகம் இருக்கும்.

அந்த ஹாலில் பாலஸ்தீன அணிக்காக 8 வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள். 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். எட்டாவதில் தோற்றவர் ஃபேபியானோ கருவானா. பத்தாவது சுற்றில் ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் கோட்டைவிட்டு, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். அப்துசத்தாரோவுக்கும் 17 வயதுதான். கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், குகேஷ் ஆடிய இந்திய 'பி' அணிக்கு வெண்கலம். அவருக்குத் தனிநபர் தங்கமும் கிடைத்தது. இரண்டே வருடத்தில், 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன்.

உங்கள் வீட்டு வாண்டு குகேஷ் ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. தயவுசெய்து அந்தக் கனவோடு யாரும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு ஹால், ஒரு மேஜை, எதிரில் ஒரு ஆள், கையில் போன் இல்லை, தோற்றால் எழுந்து கை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். இந்த ஏற்பாட்டுக்குள் விட்டால் 8 வயதும் 40 வயதும் ஒரே வரிசையில் உட்காரும். ரெட்ரோ கேம் விழாவின் அசல் சரக்கும் இதுதான்.

'கேம் ஓவர்' எங்கே போச்சு?

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். ஏனென்றால் கேம் என்று வாயெடுத்தாலே இன்றைக்கு வீட்டில் வரும் சண்டைக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக சட்டமன்றம் 2022 அக்டோபரில் சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வரக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கூடாது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இ-ஸ்போர்ட்ஸுக்கு அதே சட்டம் அங்கீகாரம் கொடுக்கிறது.

நல்ல விஷயம்தான். கடன் வாங்கி ரம்மி ஆடிக் குடும்பத்தைத் தொலைத்தவர்களின் கதையைப் படித்த யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் உங்கள் அக்கா பையன் ரம்மி ஆடவில்லை. பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் அவனுடையது இல்லை. ஸ்கின் வாங்கவும் பெட்டி திறக்கவும் பணம் போகும், திரும்பி வராது. நேரம் அதைவிட அதிகமாகப் போகும். அந்த இடத்துக்கு இந்தச் சட்டங்கள் வரவில்லை. 2023-ல் பி.ஜி.எம்.ஐ. திரும்பி வந்தபோது 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று வரம்பு வைத்தார்கள். அப்பா நம்பரும் ஓ.டி.பி.யும் கையில் இருந்தால் அந்த வரம்பு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தென்கொரியா இதை முதலிலேயே பார்த்துவிட்டது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆடக்கூடாது என்று 2011-ல் சட்டம் போட்டார்கள். அது கம்ப்யூட்டர் கேமை மனதில் வைத்துப் போட்டது. பிள்ளைகள் போனுக்கு மாறிவிட்டார்கள். 2022-ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா 2021-ல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும் என்று இறுக்கிப் பிடித்தது. நள்ளிரவில் ஆட்டத்தை நிறுத்து என்று ஒரு அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருப்பதே, ஆட்டம் தானாக நிற்பதில்லை என்பதால்தான்.

பழைய கேம் தானாக நின்றது. மூன்று லைஃப், முடிந்தது, 'கேம் ஓவர்', ஜாய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடு. டெட்ரிஸில் கட்டம் மேலே முட்டினால் ஆட்டம் காலி. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய தெருமுனை வீடியோ கேம் கடையில் அண்ணன் வந்து சுவிட்சை அணைப்பார். இப்போதைய போன் கேமுக்கு முடிவு கிடையாது. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம், இன்றைக்கு மட்டும் ஆஃபர், நடுவில் ஒரு நோட்டிஃபிகேஷன்.

ஆனால் அந்தக் காலம் தங்கமானது என்று உருக வேண்டாம். ஆர்கேட் மெஷின்களைச் செய்தவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. சீக்கிரம் தோற்கவைத்து அடுத்த காசைப் போட வைப்பதுதான் அவர்கள் வியாபாரம். பயமும் அப்போதே இருந்தது. அமெரிக்காவின் மார்ஷ்ஃபீல்டு என்ற ஊர் 1982-ல் ஆர்கேட் கேம்களையே தடை செய்தது. அந்தத் தடையை விலக்கியது 2014-ல்! டெக்சாஸின் மெஸ்கீட் நகரத்தில் வேறு மாதிரி ஒரு விதி போட்டார்கள். 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால்தான் ஆர்கேடில் ஆடலாம். சுப்ரீம் கோர்ட் வரை போய்ச் சண்டை நடந்தது. சட்டமாக அது சரியா தப்பா என்பது வேறு கதை. ஆனால் வீட்டுப் பழக்கமாக எடுத்துக்கொண்டால், இன்றைக்கு இருக்கும் எந்த நள்ளிரவுத் தடையையும் விட அது நல்ல யோசனை என்பது என் கட்சி.

கூட்டிட்டுப் போனா எப்படி நடந்துக்கணும்?

இரண்டு பேர் ஆடும் கேமில்தான் முதலில் உட்காருங்கள். 'கான்ட்ரா' கிடைத்தால் அருமை. அதில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. ஒருவர் மேலே தாவிக்கொண்டே போனால் திரையும் மேலே போகும், பின்னால் வருபவர் கீழே விழுந்து சாவார். நீங்கள் பழைய புலி, உங்களுக்கு ஒவ்வொரு படியும் மனப்பாடம். குழந்தைக்கு இது முதல் தடவை. நீங்கள் நின்றுதான் ஆகவேண்டும். அவள் தாவி வந்து சேரும்வரை நிற்க வேண்டும். நின்றால் ஒரு அரைமணி நேரம் போவதே தெரியாது. நிற்காமல் ஓடினால் "போங்க மாமா, நீங்களே ஆடுங்க" என்று ஜாய்ஸ்டிக்கை வைத்துவிடுவாள்.

வேண்டுமென்றே தோற்காதீர்கள். பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். தோற்றாலும் சும்மா இருங்கள், "ஜாய்ஸ்டிக் சரியில்லப்பா" என்று சமாளிக்காதீர்கள். சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு அளவு வேண்டும். குதி, குதி, சுடு, சுடு என்று காதில் கத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் குழந்தையும் ரசித்து ஆடியதாகச் சரித்திரம் இல்லை.

வரிசையில் நிற்பது ஒரு பாதி வேலை. நல்ல விழாவில் ஒரு மெஷினுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நிற்பார்கள். அந்த நேரத்தில் போனைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டால் வந்ததே வீண். முன்னால் ஆடுபவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் எங்கே சாகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். பக்கத்து அண்ணனிடம் "இது எப்படி?" என்று கேட்க அனுப்புங்கள். தெரியாதவரிடம் பேசிக் கற்றுக்கொள்வது அந்த வரிசையில் இலவசம்.

சத்தத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசமுடிகிறது என்றால் அது குழந்தையின் காதுக்கு அதிகம். அரைமணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுங்கள். உங்கள் போன் நம்பரைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள், கூட்டத்தில் உதவும். வலிப்பு வந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் போகவே வேண்டாம். மினுங்கும் திரை சிலருக்கு ஆகாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு எபிசோடில் வந்த சிவப்பு, நீல மின்னலைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது.

நான்கு வயதுக்குள் இருக்கும் குட்டிகளை விட்டுவிட்டுப் போவது உத்தமம். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், இரண்டு வயதுக்குள் என்றால் இன்னும் கண்டிப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களை வைத்துக்கொண்டு நீங்களும் ஆடமுடியாது.

விழா இல்லைனா?

விழா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செஸ் ஒலிம்பியாடுக்கு முன்னால் அரசுப் பள்ளிகளில் போட்டி வைத்து ஜெயித்த பிள்ளைகளைப் பூஞ்சேரிக்குக் கூட்டிவந்தார்கள். அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டாம். மறைமலை நகரிலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு அபார்ட்மென்ட்டின் கம்யூனிட்டி ஹால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து இறக்கிய நாலு டிவி போதும். மஞ்சள், வெள்ளை ஒயர் சொருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆன்டெனா ஒயர் வழியாகச் சேனல் தேடிப் பிடிக்கிற பழைய வித்தை. டிவியின் பின்பக்க மூடியை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள், பிள்ளைகளை நெருங்கவும் விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ரிப்பேர் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கடலோரத்து ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த டிவி என்றால், குழந்தைகள் வருவதற்கு முந்தின நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வீடு திரும்பும்போது ரயிலில், "எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்க" என்று நச்சரிப்பு ஆரம்பிக்கும். ஆன்லைனில் '400 இன் 1' என்று கையடக்கமான சின்னப் பெட்டிகள் விலை மலிவாகக் கிடைக்கின்றன. இன்டர்நெட் கேட்காது, நோட்டிஃபிகேஷன் அனுப்பாது, ஸ்கின் வாங்கச் சொல்லாது. தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது டிவியில் சொருகும் ஒயரும், கூடவே இன்னொரு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியில் வருகிற மாடலாகப் பார்த்து ஆர்டர் போடுங்கள். ஒரே ஒரு ஆள் கையில் வைத்து ஆடுகிற மாடல்தான் முதலில் கண்ணில் படும், நூறு இருநூறு ரூபாய் கம்மியாகவும் இருக்கும்.